பதற்றமான குழி

ஊத்துக்காட்டுச் சந்தில் குடிதண்ணீரோடு சாக்கடை கலந்தபோது அது சாதி, மதம் எதையும் பார்த்துக் கலக்கவில்லை. மருதாள் வீட்டுக் குழாயில் அடித்த நாற்றம்தான் எதிர்வீட்டு விஜயகுமாரியின் குழாயிலும் அடித்தது. சந்து முனையில் யாரோ கேபிள் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிவிட்டுப் போன பிறகு ஆரம்பித்த நாற்றம் அது.

இரண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. விஜயகுமாரி செக்கிங்கில் இருந்தாள். மருதாள் பிசிறு வெட்டினாள். மருதாள் முருகனைக் கும்பிடுகிறவள். விஜயகுமாரி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். காலையில் கம்பெனி வேனில் யார் முதலில் ஏறுகிறாளோ அவள் மற்றவளுக்குச் சோற்றுப் பையை வைத்து இடம் பிடிப்பாள். இதற்கு மத நல்லிணக்கம் என்று ஒரு பெயர் இருப்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

மருதாளின் கணவன் நஞ்சப்பனுக்குக் கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் படுத்தான். "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். மருதாள் சொன்னாள். அதை அவர் நின்று கேட்கக்கூட இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கேயும் அதே கேள்வி.

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டுக் கவுன்சிலரைப் பார்க்கப் போனார்கள். மக்கள் ஒளிவிளக்குக் கழகத்தைச் சேர்ந்த மோகன்ராஜுக்குக் காதர்பேட்டையில் கடை. கீழே பனியன் மொத்த வியாபாரம். மேலே கட்சி அலுவலகம், அதுவும் மொத்த வியாபாரம்.

"தண்ணீல சாக்கடை கலக்குதுங்க. எங்கூட்டுக்காரரு காமாலையில கெடக்கறாருங்க" என்றாள் மருதாள்.

"பாத்துக்கலாம்" என்றார் மோகன்ராஜ், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்பங்க பாப்பீங்க?"

"பாக்கறப்பப் பாக்கலாம்மா. ஊரெல்லாம் பைப்பு ஒடஞ்சு கெடக்குது. நான் ஒருத்தன்."

மூலையில் குணா உட்கார்ந்திருந்தான். கழகத்தின் சிறுபான்மையினர் நலப் பிரிவுச் செயலாளர். அவன் எந்தச் சிறுபான்மையையும் சேர்ந்தவனல்ல. இளைஞர் பிரிவைத்தான் கேட்டான். அங்கே இருந்தவர் பேரன் எடுத்த பிறகும் இளைஞராகவே இருந்ததால் இதைக் கொடுத்திருந்தார்கள். விஜயகுமாரியின் கழுத்துச் செயினில் இருந்த சின்னச் சிலுவை அவன் கண்ணில் பட்டது. எழுந்து போய்க் கவுன்சிலரின் காதில் ஏதோ சொன்னான்.

மோகன்ராஜ் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அடடா! சிஸ்டர்! இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

"என்னத்தைங்க?"

"நீங்க சிறுபான்மைன்னு!"

"தண்ணி நாறுதுன்னு சொன்னமேங்க."

"அது எல்லாருஞ் சொல்றதுங்க. உங்க மக்களுக்கு என்ன செய்யோணும், சொல்லுங்க."

"பைப்பைச் சரி பண்ணோணுங்க."

மோகன்ராஜின் முகம் வாடியது. "பைப்பு பொதுங்க, சிஸ்டர். பொதுவுல ஒண்ணு செஞ்சா யாருக்குச் செஞ்சம்னு யாருக்குமே தெரியாமப் போயிரும். உங்களுக்குன்னு தனியா ஒண்ணு கேளுங்க. கல்லறைத் தோட்டத்துக்குச் சுத்துச்சுவரு வேணுங்களா?"

"இந்தத் தண்ணியவே குடிச்சா அது சீக்கரமே வேணுமுங்க" என்றாள் மருதாள்.

பெரும்பான்மை சொன்னதால் அது அவர் காதில் விழவில்லை.

இரண்டு நாளில் சந்துக்குள் ஒரு லாரி வந்தது. அதன் வயிற்றில் 'சிறுபான்மையினர் நலக் குடிநீர் வாகனம்' என்று எழுதியிருந்தது. எழுத்துகளுக்குப் பக்கத்தில் மோகன்ராஜ் கைகூப்பிச் சிரித்தார். குணா முன்னால் நடந்து வீடு வீடாகக் கைகாட்ட, கிறிஸ்தவர் வீட்டு டிரம்களில் மட்டும் தண்ணீர் நிரம்பியது. சந்தில் அப்படி ஏழெட்டு வீடுகள்தான் இருந்தன.

அனிதா வீட்டு வாசலில் குணா தயங்கினான். அனிதா சர்ச்சுக்குப் போகிறவள். அவள் கணவன் குகன், பிளம்பர், கோயிலுக்குப் போகிறவன். குணா போனில் மேலிடத்தைக் கேட்டான். கொஞ்ச நேரம் "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பை அறிவித்தான்.

"பாதி டிரம்."

"மீதிப் பாதி?" என்று கேட்டான் குகன்.

"அது உங்க பாதிங்க. கொள்கைப்படி அதுக்கு எங்ககிட்டத் திட்டம் இல்ல."

கடைசி அறையில் தங்கியிருந்த பீகார்ப் பையன் ஒருவன் வாளியோடு ஓடி வந்தான். அவன் வேலை பார்த்த இடத்தில் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். "அண்ணா, இந்தச் சந்துல ஹிந்தி பேசறது நாங்க நாலு பேருதான். எங்களவிட மைனாரிட்டி யாரு?"

"ஓட்டு எங்க இருக்குது?"

"ஊர்ல, பீகார்ல."

"அப்பத் தாகமும் அங்கயே இருக்கட்டும்" என்றான் குணா.

விஜயகுமாரி தன் டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டு மருதாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். குணா பதறிப்போய் வழிமறித்தான். "அக்கா, அப்படிக் குடுக்காதீங்க. சிறுபான்மை நலன் சந்து முழுக்கச் சிந்திருச்சுன்னா நாங்க யாருக்குன்னு கணக்குச் சொல்றது?" விஜயகுமாரி அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சேதி தாய்மண் காவல் முன்னணியின் வெள்ளியங்கிரிக்கு எட்டியது. ஓட்டு வராமல் பல வருடம் காய்ந்து கிடந்த கட்சி அது. அவர் நேராக மருதாள் வீட்டுக்கு வந்து, கண்கலங்கி நின்றார்.

"அக்கா, உங்க கண்ணு முன்னாலயே அவங்களுக்கு மட்டும் தண்ணி ஊத்தறாங்க. உங்க ரத்தம் கொதிக்கலீங்களா?"

"தண்ணியத்தானுங்க கொதிக்க வெச்சுட்டு இருக்கறேன். கேஸ் தீந்து போச்சு. நீங்களாச்சும் பைப்பைச் சரி பண்ணிக் குடுங்க."

வெள்ளியங்கிரி அதிர்ந்து போனார். "பைப்பைச் சரி பண்ணுனா அவங்களுக்கும்ல தண்ணி போகும்!"

அடுத்த நாள் இரண்டாவது லாரி வந்தது. அதில் வேல் வரைந்திருந்தது. இதுவரை தண்ணீர் கிடைக்காத வீடுகளுக்கு அது ஊற்றியது. ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு முழக்கம் போடச் சொன்னார்கள். தாகத்தில் இருந்தவர்கள் சத்தமாகவே போட்டார்கள். கூடவே வேல் அச்சடித்த பனியன் ஒன்றும் கொடுத்தார்கள். அதை அச்சடித்துக் கொடுத்தது மோகன்ராஜின் கடை. வியாபாரத்தில் அவர் உண்மையாகவே யாரையும் பிரித்துப் பார்த்ததில்லை.

சந்து ஒரு லாரி நுழையும் அகலம்தான். தினமும் காலையில் இரண்டும் எதிரெதிரே வந்து முட்டி நின்று ஹாரன் அடித்தன. பல நாள் கம்பெனி வேன் உள்ளே வர முடியாமல் போய்விட, சந்துப் பெண்களுக்கு அரைநாள் சம்பளம் போனது. இரண்டு லாரிகளும் ஊருக்கு வெளியே ஒரே தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றில் ஒன்றன்பின் ஒன்றாக நின்று தண்ணீர் பிடித்ததை அந்தப் பக்கம் போன குகன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதற்குள் அதைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. "அவங்க லாரி", "நம்ம லாரி" என்ற பேச்சு வந்துவிட்டது. வீட்டு வாசலில் வழிந்தது யார் தண்ணீர் என்று ஒரு சண்டை. கோலம் அழிந்தது யாரால் என்று இன்னொரு சண்டை.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து களைத்துப் போய் வந்த மருதாளிடம் விஜயகுமாரி, "அண்ணனுக்கு எப்படிங்க்கா இருக்குது?" என்று கேட்டாள்.

மருதாள் செருப்பைக் கழற்றியபடியே, "உங்களுக்கென்ன அம்மிணி, கவர்மெண்டே உங்கூட்டு வாசலுக்கு வருது" என்றாள்.

விஜயகுமாரி உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் வெகுநேரம் நின்றாள். மறுநாள் வேனில் மருதாள் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மோகன்ராஜ் சமத்துவப் பொதுக்கூட்டம் போட்டார். பயனாளி நன்றி சொல்ல வேண்டும் என்று குணா வந்து விஜயகுமாரியை அழைத்தான். அவள் வர மறுத்தாள். "நீங்க வல்லீன்னா லாரி நின்னு போயிருமுங்க்கா. மத்த ஊட்டுக்காரங்க உங்களத்தான் கேப்பாங்க" என்று பணிவாகச் சொன்னான். அவள் போனாள்.

மோகன்ராஜ் மைக்கைப் பிடித்தார்.

"நான் மனிதர்களுக்குள் எந்த வேறுபாடும் பார்க்காதவன்! வாக்காளர் பட்டியல் கைக்கு வந்ததும் பெயரைப் பார்த்துத் தனித்தனியாகப் பிரித்துவிடுவேன். அதற்குப் பிறகு எந்த வேறுபாடும் பார்ப்பதில்லை!" கைதட்டல். "சிறுபான்மை மக்கள் எங்கள் இரு கண்கள். கண்ணுக்கு என்ன வேண்டும் என்று கண்ணையே போய்க் கேட்பார்களா? நாங்களே முடிவு செய்வோம்! அவர்களுக்கு இந்த நகரத்தில் எந்தக் குறையும் இல்லாமல் போய்விட்டால் நாங்கள் எதைத் தீர்ப்பது? ஆகவே அவர்களை என்றைக்கும் கைவிட மாட்டோம்! பெரும்பான்மைப் பெருமக்களே, நீங்கள் கலங்க வேண்டாம். உங்களுக்கு எதுவும் செய்யவில்லை என்றாலும் நான் உங்களில் ஒருவன்!"

பிறகு விஜயகுமாரியை அழைத்தார்கள். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"லாரி விட்டதுக்கு நன்றிங்க. எனக்கு லாரி வேண்டாமுங்க. எல்லார்த்துக்கும் வர்ற பைப்பைச் சரி பண்ணிக் குடுத்தாப் போதுமுங்க. மருதாக்கா ஊட்டுக்காரரு இன்னும் ஆஸ்பத்திரிலதான் கெடக்கறாருங்க."

மோகன்ராஜ் மைக்கைப் பறித்தார். "பார்த்தீர்களா! கொடுத்த லாரியையும் வேண்டாம் என்கிற தன்னடக்கம்! இந்தத் தன்னடக்கத்தைப் போற்றும் விதமாக ஊத்துக்காட்டுச் சந்தின் முனையில் சிறுபான்மையினர் நல்லிணக்க அலங்கார வளைவு அமைக்கப்படும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த மருதாள் மட்டும் தட்டவில்லை. அவள் விஜயகுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல மேடைப்பக்கம் இரண்டெட்டு வைத்தாள். அதற்குள் குணா சால்வையோடு நடுவில் வந்துவிட்டான்.

வளைவின் தூணுக்கு ஜேசிபி வந்து தோண்டியது. இடுப்பாழம் போனதும் அடியில் குடிதண்ணீர்க் குழாய் தெரிந்தது. கேபிள்காரர்கள் உடைத்துவிட்டுப் போன இடம். இணைப்பு வாய் பிளந்து கிடக்க, மேலே விரிசல் விட்ட சாக்கடை அதற்குள் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தே கூடி நின்று பார்த்தது. சிலர் வாந்தி எடுத்தார்கள்.

"பொளந்த வாயில ஒரு காலர் மாட்டி, சாக்கடை விரிசலைப் பூசுனா முடிஞ்சுது. அரைநாள் வேலை" என்றான் குகன்.

அவன் சாமான் எடுத்து வருவதற்குள் வெள்ளியங்கிரி ஆட்களோடு வந்து குழியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார். வளைவு வந்தால் பக்கத்தில் வேல் வளைவும் வர வேண்டும் என்றார். மோகன்ராஜ் ஆட்கள் எதிரே உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் வந்து குழியை எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு உத்தரவு போட்டார்: இது பதற்றமான குழி. உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். யாரும் இறங்கவோ மூடவோ கூடாது.

குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளைப் போட்டார்கள். சமாதானக் குழு தினமும் கூடி, வடை சாப்பிட்டு, குழியின் எந்தப் பாதி யாருடையது என்று விவாதித்தது. அவர்கள் முன்னாலேயே சாக்கடை குழாய்க்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் உள்ளது உள்ளபடி இருக்காது என்று அதிகாரி சட்டத்தை விளக்கினார். லாரிகளுக்கும் சந்தில் நுழையத் தடை விதித்தார்கள். மறுபடி எல்லோரும் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள்.

நஞ்சப்பன் தேறி வந்த வாரத்தில் விஜயகுமாரியின் மகள் கிருத்திகா பள்ளிக்கூடத்திலிருந்து வாந்தியோடு வந்தாள். பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பெண். விஜயகுமாரி அவள் கண்ணை இழுத்துப் பார்த்தாள், மஞ்சளாக இருந்தது. கணவன் அருள்குமார் சாயப்பட்டறை ஷிஃப்டில் இருந்தான். போன் எடுக்கவில்லை.

மருதாள்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் எந்த வார்டு, எந்தக் கட்டில், எந்த நர்ஸைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடியாகியிருந்தது. கிருத்திகாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது கண்ணு, மாமனே எந்திரிச்சு வந்துட்டாரு, நீ வர மாட்டியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண் தூங்கிய பிறகு விஜயகுமாரியைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. குகன் ஊட்டுல இருப்பான்."

விஜயகுமாரி தலையாட்டினாள். அந்த ஞாயிறு அவள் சர்ச்சுக்குப் போகவில்லை.

காலையில் அருள்குமாரை மகளோடு உட்காரவைத்துவிட்டு இருவரும் சந்து முனைக்குப் போனார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைத் தாண்டினார்கள். குகன் காலரும் சிமெண்டும் கொண்டுவந்திருந்தான். கான்ஸ்டபிள் அலறிவிட்டான்.

"அக்கா! எறங்காதீங்க்கா! என்ற வேலையே போயிரும்!"

"நீங்க கத்துங்க சாமி. கத்தறது உங்க வேலை, நாங்க வேண்டாங்கல" என்றாள் மருதாள்.

கான்ஸ்டபிள் கத்தினான். ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். அதற்குள் சந்துப் பெண்கள் எல்லோரும், எந்த லாரித் தண்ணீர் குடித்தவர்கள் என்ற பேதமில்லாமல், குழியைச் சுற்றி நெருக்கி நின்றுவிட்டார்கள். பீகார்ப் பையன் மேலிருந்து மண்ணை இழுத்துப் போட்டான். உள்ளே முழங்கால்வரை சாக்கடை. இரண்டு பெண்களும் குகனும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார்கள். குழாயின் ஒரு முனையை மருதாளும் மறுமுனையை விஜயகுமாரியும் தூக்கிப் பிடிக்க, குகன் காலரை ஏற்றினான்.

"அம்மிணி, அன்னைக்கு நான் ஒரு வார்த்தை பேசிப்போட்டேன்..." என்று மருதாள் ஆரம்பித்தாள்.

"பேசாமப் பைப்பைப் புடிங்க்கா. நழுவுது."

மதியத்துக்கு மேல் ஜீப் வந்தபோது விரிசலைப் பூசி முடித்து, கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இரு மதத்தவரிடையே நல்லிணக்கம் குலையும்படி நடந்துகொண்டதாக வழக்கு. இன்ஸ்பெக்டர் விசாரித்தார்.

"யாரு யாரை அடிச்சீங்க?"

"யாரும் யாரையும் அடிக்கலீங்க."

"வாய்த் தகராறா?"

"இல்லீங்க. ரெண்டு பேருமாச் சேந்து பைப்பைப் புடிச்சமுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். அந்தச் சட்டப்பிரிவில் இதற்கு இடமில்லை.

மோகன்ராஜ் குணாவோடு வந்து இறங்கினார். "எங்க சிஸ்டரை விட்டுருங்க. அந்த மருதாள்தான் தூண்டிவிட்டுருக்குது." பின்னாலேயே வெள்ளியங்கிரி வந்தார். "எங்கக்காவை விடுங்க. அந்தம்மா ஏதோ பேசி மனசைக் கலைச்சிருக்குது." குகனைக் கேட்டு யாரும் வரவில்லை. அவன் எந்தக் கட்சிக்கும் பாதிதான்.

"நாந்தானுங்க மொதல்ல எறங்குனது" என்றாள் மருதாள்.

"இல்லீங்க, நாந்தானுங்க" என்றாள் விஜயகுமாரி. "உட்டா ரெண்டு பேரையும் உடுங்க. ஒருத்தர மட்டும் உட்டா நான் போக மாட்டனுங்க."

தலைவர்கள் இருவரும் வராந்தாவுக்குப் போனார்கள். முதலில் முறைத்துக்கொண்டார்கள். பிறகு பேசினார்கள். ஒரே சந்து இப்படித் தன் பாட்டுக்குப் பைப்பைச் சரி பண்ணிக்கொண்டால் அடுத்த சந்தும் பண்ணும். பிறகு லாரியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? உள்ளே வந்து ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்தல். அனுமதியின்றிக் குழாய் பழுதுநீக்கம். கொடுத்துவிட்டு ஒரே காரில் ஏறிப் போனார்கள். குணா இடமில்லாமல் பஸ்ஸுக்கு நடந்தான்.

பொழுது சாய்வதற்குள் நஞ்சப்பனும் சந்துக்காரர்களும் ஜாமீன் கொடுக்க வந்தார்கள். இன்னும் முழுசாக மஞ்சள் தெளியாத கண்ணோடு நஞ்சப்பன் ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தான். "இப்ப வர்ற தண்ணிங்க. நீங்களே பாருங்க."

இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் குடித்தார். பிறகு மீதியையும் குடித்தார். மூவர் மேலும் வழக்குப் பதிந்து, கையெழுத்து வாங்கி, அடுத்த மாதம் கோர்ட்டுக்கு வரச் சொன்னார்.

வெளியே வந்து படியிறங்கியவர்களை அவரே பின்னால் வந்து கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, குகன். எங்க குவார்ட்டர்ஸ்லயும் ஒரு மாசமா நாறுது. எழுதிப் போட்டும் யாரும் வரல. நீ ஒரு நடை வந்து பாக்கறியா?"

"வாரனுங்க சார்" என்றான் குகன். "குழியை மட்டும் நீங்களே தோண்டி வெச்சிருங்க. நான் தோண்டுனாக் கேஸாயிரும்."